ஹெல்மெட், சைலன்சர், நம்பர் பிளேட், சாவி: டூ வீலர்காரங்க கடைல வந்து கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

பல்லாவரம் பக்கம் 14 வருஷமா பைக் ஆக்சஸரீஸ் கடை வச்சிருக்கேன். ஹெல்மெட், மிர்ரர், லைட்டு, கிராஷ் கார்டு, சீட் கவர்னு எல்லாம் போகும். சாயங்காலம் ஆச்சுன்னா பொருள் வாங்க வர்றவங்களவிட "அண்ணா இதுக்கு மடக்குவாங்களா"ன்னு கேக்க வர்ற பசங்கதான் ஜாஸ்தி. ஒரே பதிலை நூறு தடவை சொல்லி அலுத்துப்போய்தான் எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன். நான் வக்கீல் இல்ல, தம்பி. ஆனா சட்டத்தைப் படிச்சிருக்கேன், அதைவிட ஜாஸ்தியா ஜி.எஸ்.டி. ரோட்டுல நின்னு செக்கிங் பாத்திருக்கேன். இங்க எழுதுறது தமிழ்நாட்டு நிலவரம். மத்த மாநிலத்துல ஃபைன் தொகை மாறும், சட்டம் ஒண்ணுதான்.

ஹெல்மெட் போடலைன்னா உண்மைல எவ்ளோ ஃபைன்?

1000 ரூபாய். 2022 அக்டோபருக்கு முன்னாடி தமிழ்நாட்டுல வெறும் 100 ரூபாய்தான் வாங்கிட்டு இருந்தாங்க, அப்பல்லாம் பசங்க "நூறு ரூபாதானே"ன்னு பாக்கெட்டுலயே மடிச்சு வச்சுக்கிட்டு சுத்துவாங்க. மோட்டார் வாகனச் சட்டத்தை டெல்லில 2019லயே திருத்திட்டாங்க, நம்ம அரசாங்கம் மூணு வருஷம் தள்ளி 2022 அக்டோபர்லதான் புது தொகையை இங்க கொண்டுவந்துச்சு. அன்னைக்கு ஒரே வாரத்துல என் கடைல ஸ்டாக் காலி. பாதுகாப்பு பத்தின ஞானம் எல்லாம் ஒண்ணும் வரல, 900 ரூபாய் வித்தியாசம் வந்துச்சு, அவ்ளோதான்.

ஆனா பணத்தை மட்டும் பாக்காதீங்க. 194டி பிரிவை முழுசா படிச்சா 1000 ரூபாயோட சேத்து மூணு மாசம் லைசென்ஸ் தகுதி இழப்புன்னு இருக்கு. நடைமுறைல பெரும்பாலும் ஃபைனோட முடிஞ்சுருது, அதனால யாருக்கும் அது ஞாபகமே இல்ல. சட்டப் புத்தகத்துல அது இருக்கு, வேணும்னா எடுத்துப் போட முடியும்.

பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கும் கட்டாயமா? என் வீட்டுக்காரம்மா தலை கலைஞ்சுரும்னு போட மாட்டேங்குறாங்க.

கட்டாயம். 129வது பிரிவு ஓட்டுறவர், உக்காந்து போறவர்னு பிரிச்சுப் பேசல. நாலு வயசுக்கு மேல இருக்க யாரா இருந்தாலும் போட்டாகணும், டர்பன் கட்டின சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. சென்னைல 2022 மே 23ல இருந்து பின்னாடி இருக்கவங்களுக்கும் தனியா கேஸ் போடுறாங்க. கல்யாண வீட்டுக்குப் போறப்போ பூ நசுங்குதுன்னு சொல்றது எனக்குப் புரியுது, என் வீட்லயும் அதே கதைதான். நாங்க பூவை பையில வச்சு எடுத்துட்டுப் போய் மண்டபத்து வாசல்ல வச்சுக்குறோம்.

சின்னக் குழந்தைக்கு?

நாலு வயசுக்குக் கீழன்னா விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. அந்த வயசுக் குழந்தையை ஓட்டுறவரோட சேத்துக் கட்டுற ஹார்னஸ் போடணும், 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் குழந்தைக்கும் ஹெல்மெட் வேணும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாதுன்னு மத்திய விதி 2023 பிப்ரவரி 15ல இருந்து அமல்ல இருக்கு. செக்கிங்ல இதுக்கு யாரையும் மடக்கி நான் இதுவரைக்கும் பாக்கல. ஹார்னஸ் கேட்டு என் கடைக்கு வந்தவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அதே ஆளுங்க ஃபோன் ஹோல்டருக்கு 900 ரூபாய் குடுக்கத் தயங்குறதில்ல.

எந்த ஹெல்மெட் வாங்குனாலும் சரியா? ரோட்டோரத்துல 250 ரூபாய்க்குத் தர்றாங்களே?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன்.

சட்டப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வேணும், ஐ.எஸ். 4151ங்குற தரத்துக்கு செஞ்சிருக்கணும். 2021 ஜூன் 1ல இருந்து டூ வீலர் ஹெல்மெட்டுன்னா அந்த முத்திரை இல்லாம தயாரிக்கவோ விக்கவோ கூடாது. விக்கிறவனுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல குறைஞ்சது ரெண்டு லட்சம் ஃபைன்னு பி.ஐ.எஸ். (ஐ.எஸ்.ஐ. முத்திரை குடுக்குற இந்தியத் தர அமைப்பு) சட்டத்துல போட்டிருக்கு. அதுக்கு அப்புறமும் மேம்பாலத்துக்கு அடியில கயிறு கட்டித் தொங்கவிட்டு விக்கிறாங்க, பத்தடி தள்ளி செக்கிங் நடக்குது. இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. அதுல பல ஹெல்மெட்டுல ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரும் ஒட்டிருக்கும், நகத்தால சுரண்டினா உரிஞ்சு வந்துரும். முத்திரைக்குக் கீழ லைசென்ஸ் நம்பர் இருக்கணும், சி.எம்./எல்.னு ஆரம்பிக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் ஆப்புல போட்டுப் பாத்தா எந்தக் கம்பெனின்னு காட்டும். அந்த ரெண்டு நிமிஷத்தை செலவு பண்ணுங்க.

போலீஸ்காரர் மடக்குனா இதையெல்லாம் பாப்பாரான்னா, பாக்க மாட்டார். அவர் நிக்குறது ரோட்டோரம், வண்டி வர்றது அம்பது அறுபதுல. தலைல உருண்டையா ஏதோ இருக்கா இல்லையாங்குறது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதனாலதான் பாதி ஊரு கட்டட வேலைக்குப் போடுற மஞ்சத் தொப்பியையும் கிரிக்கெட் ஹெல்மெட்டையும் மாட்டிக்கிட்டுப் போகுது. இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா கீழ நான் எழுதப்போற மிச்ச எல்லாமும் புரியும்: கண்ணுக்குத் தெரியுறதுக்குத்தான் கேஸ் விழும். பிரேக் தேஞ்சிருக்கா, டயர் வழுக்கையா, ஹெல்மெட் உள்ள தெர்மாகோலா வெறும் பஞ்சான்னு ஓடுற வண்டியைப் பாத்து யாராலும் சொல்ல முடியாது, அதனால அதெல்லாம் தப்பிச்சுருது.

ஸ்ட்ராப் மாட்டலைன்னா கேஸ் உண்டா?

உண்டு. ஹெல்மெட்டுங்குறது வாரால தலையோட இறுக்கிக் கட்டினதா இருக்கணும்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு. கட்டாத ஹெல்மெட் சட்டத்துக்கு முன்னாடி ஹெல்மெட்டே இல்ல. விழும்போது முதல்ல பறக்குறதும் அதுதான். கைல மாட்டிக்கிட்டு, டேங்க் மேல வச்சுக்கிட்டு, போலீஸைப் பாத்ததும் கவுத்துக்குற கோஷ்டிக்கும் இதே பதில்.

சைலன்சர் மாத்துனா என்ன ஆகும்? புல்லட்டுக்கு "டுப் டுப்" சத்தம் வேணும்ணா.

தம்பி, நான் 2019 வரைக்கும் அதை மாட்டிக் குடுத்தவன்தான். இப்ப மாட்டுறதில்ல, காரணம் சொல்றேன்.

ரெண்டு பக்கமும் அடி விழும். ஒண்ணு, 190வது பிரிவோட ரெண்டாம் உட்பிரிவு: சத்தம், புகை, ரோடு பாதுகாப்பு சம்பந்தமான தரத்தை மீறினா 10,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், அதுக்கு மேல மூணு மாசம் லைசென்ஸ் தகுதி இழப்பு. இன்னொண்ணு 182ஏ: அனுமதி இல்லாம ஓனர் வண்டியை மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாங்குறதைக் கவனிங்க. சைலன்சர் ஒண்ணு, ஹேண்டில்பார் ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சா பைக் வாங்குன டவுன் பேமென்ட் போயிரும். ரோட்டுல யாரும் இப்படி முழுசா எண்ணிப் போடுறதில்ல, ஆனா கோர்ட்டுக்கு அனுப்பிட்டா அங்க என்ன ஆகும்னு உங்களாலயும் சொல்ல முடியாது என்னாலயும் சொல்ல முடியாது.

சத்தத்துக்கு அளவு இருக்கா? கம்பெனிக்கு இருக்கு. 80 சிசி வரைக்கும் 75 டெசிபல், 80ல இருந்து 175 சிசி வரைக்கும் 77, அதுக்கு மேல 80ன்னு வண்டி தயாரிக்கிற நிலையில வச்சிருக்காங்க. அது குறிப்பிட்ட முறைல ஓட்டிப்பாத்து அளக்குறது. ரோட்டுல மடக்குறவர் கைல பெரும்பாலும் மீட்டர் இருக்காது, அவர் காதுதான் மீட்டர். இதுல அநியாயமும் உண்டு: கம்பெனி சைலன்சரே துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து கத்துனா அதுக்கும் நிறுத்துவாங்க, காலைல டீக்கடைக்குப் போற பெரியவரோட பழைய வண்டியை நிறுத்தி நான் பாத்திருக்கேன். அந்த மாதிரி ஆனா கம்பெனி பார்ட்டுதான்னு காட்டுறதுக்கு அதுல அச்சடிச்சிருக்க நம்பர் உதவும். சர்வீஸ் பில் வேற இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும்.

சென்னைலயும் மத்த ஊர்லயும் புடிச்ச சைலன்சரை எல்லாம் வரிசையா அடுக்கி ரோடு ரோலரை மேல ஏத்துற வீடியோ பாத்திருப்பீங்க. எனக்கு அதைப் பாக்குறப்போ நான் வித்ததும் அதுல இருக்குமோன்னு தோணும்.

எந்த மாத்தம் பண்ணலாம், எதைப் பண்ணக்கூடாது? எல்லாத்துக்குமே கேஸ்னா உங்க கடையே எதுக்கு?

நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலாவும் இருக்கு.

52வது பிரிவு சொல்றது இதுதான்: ஆர்.சி.ல இருக்க விவரம் கம்பெனி குடுத்த ஒரிஜினல்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா கேஸ் ஒண்ணுல இதையேதான் உறுதியாச் சொல்லிச்சு. அப்போ எஞ்சின் மாத்துறது, சேஸிஸை வெட்டி பாபர்ங்குற குட்டை ஸ்டைல் பைக் ஆக்குறது, எரிபொருள் மாத்துறது, கலர் மாத்துறது எல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம முடியாது. ஆர்.சி.ல கலர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, கறுப்பு வண்டிக்கு மேட் பச்சைல ராப் ஒட்டிக்கிட்டு வந்து "இது வெறும் ஸ்டிக்கர்தான் சார்"னு சொன்னா அவர் பாக்குறது ஆர்.சி.யும் வண்டியும் பொருந்துதாங்குறதைத்தான்.

சீட் கவர், டேங்க் பேட், ஃபோன் ஹோல்டர், சைடு பாக்ஸ், கம்பெனியே விக்கிற ஆக்சஸரீஸ் இதெல்லாம் மாட்டினதுக்கு யாரும் கேஸ் வாங்கிட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டதில்ல. என் கடை ஓடுறது அதுலதான். நடுவுல ஒரு சாம்பல் ஏரியா இருக்கு, அகல டயர், உயர ஹேண்டில்பார் மாதிரி. அதுக்கு நான் சொல்றது, கழட்டி வச்ச ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீங்க, வீட்ல பத்திரமா வைங்க.

மிர்ரர் இல்லாம ஓட்டலாமா?

கூடாது. 500 ரூபாய், அடுத்த தடவைல இருந்து 1500. பொதுப்பிரிவு 177ல வரும். மிர்ரரைக் கழட்டினா வண்டி அழகா இருக்குன்னு சொல்ற பசங்க லேன் மாத்தும்போது கழுத்தைத் திருப்பிப் பாக்குறாங்களான்னு கேட்டா அதுவும் இல்ல. உள்பக்கமா மடக்கி மூஞ்சி பாக்க வச்சிருக்கவங்களை என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல.

சாரி கார்டு, பின்னாடி பிடிக்கிற கம்பி?

மத்திய மோட்டார் வாகன விதி 123 படிச்சுப் பாருங்க: பின்னாடி உக்காரவங்க பிடிக்க நிரந்தரக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு, மூணும் இருக்கணும். டெலிவரி எடுத்த அன்னைக்கே சாரி கார்டைக் கழட்டச் சொல்றதுதான் நம்ம ஊரு பழக்கம். போலீஸ் இதை அவ்வளவா கண்டுக்கிறதில்ல. துப்பட்டா சக்கரத்துல சுத்தி ஒரு பொண்ணு விழுந்ததை எங்க கடைக்கு எதிர்லயே பாத்ததுக்கு அப்புறம் நான் யாருக்கும் அதைக் கழட்டித் தர்றதில்ல. கூலி குடுத்தாலும் வேண்டாம்.

எல்.இ.டி. லைட்டு?

பகல்லயும் ஹெட்லைட் எரியுதே, ஆஃப் பண்ண சுவிட்ச் போட்டுத் தாங்கன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல: 2017 ஏப்ரல் 1ல இருந்து வர்ற டூ வீலர் எல்லாத்துலயும் அது அப்படித்தான் வரணும்னு விதி. எதிர்ல வர்றவன் உங்களைப் பாக்குறதுக்காக வச்சது. பேட்டரி போயிரும்னு யாரோ சொன்னதை நம்பாதீங்க.

முன்னாடி சிவப்பு லைட்டு எரியக்கூடாது, பின்னாடி சிவப்பைத் தவிர வேற கலர்ல எரியுற அலங்கார லைட்டெல்லாம் வேண்டாம். போலீஸ் வண்டி மாதிரி சிவப்பு நீலம் மாறி மாறி அடிக்கிறதுக்கு நிச்சயம் மடக்குவாங்க, அதுல மட்டும் அவங்களுக்குத் தனி அக்கறை. எக்ஸ்ட்ரா ஃபாக் லைட்டு லாங் ரைடு போறவங்க போடுறாங்க, ஹைவேல யாரும் பெருசா கேக்குறதில்ல, ஊருக்குள்ள எதிர்ல வர்றவன் கண்ணைக் குருடாக்கினா கேப்பாங்க, கேக்கவும் வேணும். ஊருக்குள்ள வந்ததும் கவர் போட்டு மூடிருங்க. மல்ட்டி டோன் ஹாரன், ஏர் ஹாரன், நாய் குரைக்கிற ஹாரன் எதுவுமே விதி 119 படி கூடாது.

நம்பர் பிளேட்டுல என்ன ரூல்?

2019 ஏப்ரல் 1க்கு அப்புறம் வந்த புது வண்டின்னா டீலரே ஹை செக்யூரிட்டி பிளேட்டு மாட்டித் தரணும், அதுக்கு மேல நீங்க கை வைக்கக் கூடாது. அதுக்கு முந்தின வண்டின்னா எழுத்தோட அளவு முக்கியம். பின் பிளேட்டுல எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர், தடிமன் 7. முன்னாடி 30 உயரம், 5 தடிமன். ஸ்டைலா சாய்ச்சு எழுதறது, 8055ஐ பாஸ்னு படிக்கிற மாதிரி எழுதறது, நடிகர் படம், கட்சிக் கொடி, சாமி பேரு, குலப் பெருமை எதுவும் பிளேட்டுக்குள்ள வரக்கூடாது. 500 ரூபாய், மறுபடி மாட்டுனா 1500.

தமிழ்ல எழுதலாமான்னு நிறைய பேர் ஆசையா கேக்குறாங்க. எனக்கும் ஆசைதான். மத்திய விதி ஆங்கில எழுத்து, அராபிய எண்ணுன்னு சொல்லிருச்சு, அதனால தமிழ்ல மட்டும் எழுதினா கேஸ் போட வழி இருக்கு.

பிளேட்டை மேல மடக்கி வச்சு கேமராவுக்குக் காட்டாம ஓட்டுறது வேற ரகம். நம்பரை மறைக்கிறது வேற குத்தத்தை மறைக்கத்தான்னு எடுத்துக்குவாங்க, பேச்சு அப்போ 500 ரூபாயோட நிக்காது.

வண்டில "பிரஸ்", "போலீஸ்", "அட்வகேட்"னு ஸ்டிக்கர்?

2024 மே 2ல இருந்து சென்னைல அதுக்கும் கேஸ் போட ஆரம்பிச்சாங்க. அந்த வாரம் ஸ்டிக்கர் சுரண்டுற வேலையே எனக்கு நாலஞ்சு வந்துச்சு. வந்ததுல ஒருத்தர் எந்தப் பத்திரிகைன்னு கேட்டதுக்கு "மச்சான் வேலை பாக்குறான்"னார்.

மடக்குனா என்னென்ன காட்டணும்? ஒரிஜினல் கைல இருந்தாகணுமா?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஒரிஜினல் வேணும்னு இப்பவும் சில பேர் அடம் பிடிக்கிறாங்க, ஆனா 2018லயே விதி 139ஐ திருத்தி எலக்ட்ரானிக் வடிவத்துல காட்டினாலும் செல்லும்னு ஆக்கிட்டாங்க. டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்புல இருக்கது செல்லும். ஆப்புக்குள்ள இருந்து திறந்து காட்டணும், வாட்ஸப்புல அனுப்பின ஃபோட்டோ செல்லாது, இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு சண்டை போடுறவங்கதான் ஜாஸ்தி. சிக்னல் இல்லாத இடத்துல ஆப் சுத்திக்கிட்டே நிக்கும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து வைங்க.

இன்சூரன்ஸ் இல்லன்னா 2000, ரெண்டாம் தடவை 4000. லைசென்ஸே இல்லன்னா 5000. 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது வண்டிக்கு தேர்ட் பார்ட்டி அஞ்சு வருஷத்துக்கு சேத்தே போட்டிருப்பாங்க, அஞ்சு வருஷம்ங்குறதாலயே தேதியை மறந்துர்றோம். உங்க பேப்பரை எடுத்து இப்பவே பாத்துருங்க.

சாவியைப் பிடுங்கலாமா? வண்டியைத் தூக்கிட்டுப் போகலாமா?

சாவியை உருவுறதுக்குன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல தனிப் பிரிவு எதுவும் இல்ல. ஆனா ரோட்டுல தினம் நடக்குது. எனக்கே நடந்திருக்கு. வேற ஊர் ஒண்ணுல ஸ்லோ பண்ணி ஓரம் கட்டிக்கிட்டு இருக்கும்போதே பக்கவாட்டுல இருந்து கை நீட்டி சாவியை உருவிட்டார், ஹேண்டில் ஆடி நான் காலை ஊனாம இருந்தா பின்னாடி வந்த பஸ்ஸுக்கு அடிலதான் போயிருப்பேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், பேப்பர் எல்லாம் இருந்துச்சு, பாத்துட்டு "போ"ன்னு சாவியைக் குடுத்துட்டார். ஸாரின்னு ஒரு வார்த்தை வரல.

வண்டியைப் பிடிச்சு வைக்கிறது 207வது பிரிவு. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது, வயசு ஆகாதவன் ஓட்டுறது, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டி, பர்மிட் வேண்டிய வண்டிக்கு பர்மிட் இல்லாதது, இதுக்குத்தான் அது. குடிச்சிருந்தா, திருட்டு வண்டியோன்னு சந்தேகம் வந்தா, விபத்து கேஸ்னா அதுக்கு வேற வழி இருக்கு. ஹெல்மெட் இல்லாததுக்கு மட்டும் வண்டியைத் தூக்குறதுக்கு 207ல இடம் இல்ல. லைசென்ஸை வாங்கி வைக்கலாம், 206ல 194டி பேரும் இருக்கு, ஆனா வாங்கினதுக்கு ரசீது தரணும், அதைக் கேட்டு வாங்குங்க. 2015 ஜூலை 1ல சென்னை ஹைகோர்ட்டு உத்தரவுப்படி ஹெல்மெட் கட்டாயம் ஆனப்போ டாக்குமென்டைப் பறிமுதல் பண்ணி, ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் பில்லும் கொண்டாந்து காட்டினாத்தான் திருப்பித் தந்தாங்க, அந்த ஞாபகத்துல இன்னும் பல பேர் பேசுறாங்க.

நிறுத்தச் சொன்னா நிறுத்தாம போயிட்டா?

போகாதீங்க. யூனிஃபார்ம்ல இருக்க போலீஸ் கை காட்டினா நிறுத்தியாகணும், மீறினா 179ல 2000 ரூபாய் வரைக்கும். நம்பரைக் குறிச்சு வீட்டுக்கு சலான் வந்துரும், ஓடிப் போய் ஒண்ணும் மிச்சம் ஆகப்போறதில்ல.

ஆனா இந்தக் கேள்விக்கு மறுபக்கமும் இருக்கு. 2018 மார்ச்சுல திருச்சி துவாக்குடி பக்கம் ஹெல்மெட் செக்கிங்ல நிக்காம போனாருன்னு ஒரு தம்பதியோட பைக்கை ஒரு டிராஃபிக் இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் எட்டி உதைச்சார், விழுந்ததுல மனைவி இறந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி திருச்சி தஞ்சாவூர் ரோடே ஆயிரக்கணக்கான ஜனங்களால நின்னு போச்சு, இன்ஸ்பெக்டரைக் கைது பண்ணாங்க. அப்போ அந்தக் குத்தத்துக்கு இங்க ஃபைன் 100 ரூபாய். தலை காயப்படக்கூடாதுன்னு வச்ச சட்டம், அதை அமல்படுத்தப் போய் ஒரு உசுரு. வண்டி நம்பர் கைல இருக்கப்போ துரத்துறதுக்கு என்ன அவசியம்னு அன்னைக்கும் கேட்டேன், இன்னைக்கும் கேக்குறேன்.

ஸ்பாட்லயே காசு கேட்டா?

மெஷின்ல சலான் வரணும். சென்னைல 2018 மே மாசத்துல இருந்தே டிராஃபிக் ஃபைனுக்குக் கையில காசு வாங்குறது இல்லைன்னு ஆக்கிட்டாங்க, கார்டு, யு.பி.ஐ., ஆன்லைன், இப்படித்தான் கட்டணும். "சார், சலான் போட்டுருங்க, நான் ஆன்லைன்ல கட்டிக்கிறேன்"னு சாதாரணமா சொல்லுங்க. குரலை உசத்த வேண்டாம், ஃபோனை மூஞ்சிக்கு நேரா நீட்டி வீடியோ எடுத்து ஹீரோ ஆக வேண்டாம். பாதி இடத்துல பிரச்சினை பெருசாகுறது குத்தத்தால இல்ல, "என்னடா", "என்னய்யா"ன்னு வர்ற வார்த்தையால. இன்னொண்ணு, ஃபைன் வாங்கி அங்கயே முடிச்சு வைக்கிற அதிகாரம் அரசாங்கம் குறிப்பிட்ட ரேங்க்ல இருக்க அதிகாரிகளுக்குத்தான் உண்டு, கூட நிக்குற எல்லாருக்கும் கிடையாது.

நான் போகாத இடத்துல இருந்து சலான் வந்திருக்கு!

வரும். ஒரு எழுத்து மாத்தி அடிச்சா உங்க வண்டிக்கு வந்துரும், இல்ல உங்க நம்பரை எவனாவது மாட்டிக்கிட்டு சுத்துறான். இ-சலான் சைட்டுல நம்பர் போட்டா ஃபோட்டோ வரும். உங்க வண்டி ஸ்கூட்டர், ஃபோட்டோல இருக்கது புல்லட்டுன்னா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆர்.சி. காப்பியோட டிராஃபிக் போலீஸ்ல புகார் குடுங்க. கேமரால எடுத்த கேஸுக்கு 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்னு 2021ல வந்த விதி 167ஏ சொல்லுது, எப்போ நடந்தது, எப்போ அனுப்பினாங்கன்னு தேதியைப் பாத்துக்கோங்க. குத்தத்தை ஒத்துக்கலைன்னா கட்டாம கோர்ட்டுல சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஃபைன் கட்டிட்டு அப்புறம் சண்டை போட முடியாது, கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம். கண்டுக்காம விட்டீங்கன்னா வண்டியை விக்கும்போது பேர் மாத்த முடியாம ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிப்பீங்க, என் கஸ்டமர் ஒருத்தருக்கு எட்டு சலான் மொத்தமா அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

பையனுக்கு 17 வயசு, பக்கத்துக் கடைக்குத்தான் எடுத்துட்டுப் போனான்.

199ஏ. பெத்தவங்களுக்கு, இல்ல வண்டி ஓனருக்கு 25,000 ரூபாய் ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. பக்கத்துக் கடையா தூரத்துக் கடையான்னு சட்டம் கேக்காது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் வேணுமா?

மோட்டார் பவர் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருக்க சின்ன வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமே இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட்டுக்கான 129வது பிரிவும் பொருந்தாது. பச்சை பிளேட்டு மாட்டின வண்டின்னா பெட்ரோல் வண்டிக்கு என்னவோ அதேதான். சின்ன வண்டியை லிமிட்டைத் திறந்து விட்டு 50ல ஓட வச்சுத் தர்ற ஆளுங்க இருக்காங்க, அப்படி ஓட வச்ச நிமிஷமே அது ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத மோட்டார் வாகனம், 207ல தூக்கலாம்.

புது வண்டிக்கு டீலர் ஹெல்மெட் தரணுமாமே, நிஜமா?

நிஜம்தான். வண்டி வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. தர ஹெல்மெட் தரணும்னு விதி 138லயே இருக்கு. ஷோரூம்ல கேட்டுப் பாருங்க, சில இடத்துல பில்லுல தனியா காசு போட்டிருப்பாங்க, சில இடத்துல "ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம்"பாங்க. இதை எழுதுறதுல எனக்கு நஷ்டம்தான், புது வண்டிக்காரங்க நேரா என் கடைக்குத்தான் வருவாங்க.

நீங்க மாட்டித் தர மாட்டேங்குற சாமானை வேற கடைல மாட்டித் தர்றாங்களே?

தருவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரிஜினல் சைலன்சரைத் திருப்பி மாட்டிக் குடுங்கன்னு என்கிட்ட வருவீங்க. அதுக்குக் கூலி 300.